‘ஹேவ் கம்’ என்பதும் ‘வந்திருக்கிறேன்’ என்பதும்

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழி விளக்கும் கையேடுகள் பலவற்றில் ஓர் அட்டவணை காணப்படுகின்றது. ‘ஐ ஹேவ் கம்’ என்பதற்கு நேராக ‘வந்திருக்கிறேன்’. ‘ஐ ஹேட் கம்’ என்பதற்கு நேராக ‘வந்திருந்தேன்’. ‘ஐ ஷல் ஹேவ் கம்’ என்பதற்கு நேராக ‘வந்திருப்பேன்’. மூன்றே வரிகள், ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்தாற்போல் பொருந்தி நிற்கின்றன. கற்பிப்பவர்க்கும் எளிது, கற்பவர்க்கும் எளிது. ஆனால் ஆங்கிலத்தின் நிறைவுகாலங்களைப் பற்றித் தமிழ் மாணாக்கர் செய்யும் பிழைகளுள் பெரும்பகுதி இவ்வட்டவணையிலிருந்தே பிறக்கின்றது என்பதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அட்டவணைக்கு வயது அதிகம். ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் இலக்கணம் எழுதப் புகுந்தபோது, அவர்கள் கையிலிருந்தது இலத்தீன் இலக்கணத்தின் அலமாரி. அதில் ‘பெர்பெக்ட்’ என ஓர் அறை, ‘புளூபெர்பெக்ட்’ என ஓர் அறை. தமிழில் அவ்வறைகளை நிரப்ப ஏதேனும் வேண்டுமன்றோ? செய்து என்னும் வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேர்ந்து வரும் வடிவங்கள் அங்கே கொண்டு வைக்கப்பட்டன. 1891ஆம் ஆண்டில் வெளிவந்து பன்முறை மறுபதிப்புப் பெற்ற ஆர்டனின் தமிழ் இலக்கணத்திலும் இந்த முறையே உள்ளது. வெள்ளையர் தமிழ் கற்பதற்காக அமைந்த படிக்கட்டு அது. அதையே தலைகீழாகக் கவிழ்த்துத் தமிழர் ஆங்கிலம் கற்பதற்கும் பயன்படுத்தியதுதான் பின்னர் நேர்ந்தது.

சிங்கப்பூரில் இதன் விளைவு இருமடங்காகியுள்ளது. தமிழ்வழிப் பள்ளிகள் நடந்த காலத்தில் பிள்ளை தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதியது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1987ஆம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆயிற்று. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியும் பேசுவது ஆங்கிலமே. ஆகவே இன்று பிள்ளை ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதுகின்றது. வண்டி திரும்பிவிட்டது, பாதையில் உள்ள பள்ளம் மட்டும் அப்படியே கிடக்கின்றது. அன்று தமிழரின் ஆங்கிலத்தைக் கெடுத்த அட்டவணை இன்று தமிழ்ப் பிள்ளைகளின் தமிழைக் கெடுக்கின்றது.

முதலில் வடிவத்தை நோக்குதல் நலம். அவ்வளவில் அட்டவணையைக் குறைகூற இயலாது. ‘ஹேவ்’ என்னும் துணைவினையுடன் வினையின் மூன்றாம் வடிவம் சேர்வதே நிறைவுகாலம். கோ, வென்ட், கான் என்னும் மூன்றனுள் ‘கான்’. ரைட், ரோட், ரிட்டன் என்பவற்றுள் ‘ரிட்டன்’. மூன்றாம் வடிவம் மாறாது நிற்க, துணைவினை மட்டும் ஹேவ், ஹேஸ், ஹேட் என மாறுகின்றது. தமிழிலும் ‘வந்து’ என்னும் எச்சம் மாறாது நிற்க, ‘இரு’ என்பதே காலமும் பாலும் இடமும் காட்டுகின்றது: வந்திருக்கிறான், வந்திருக்கிறாள், வந்திருக்கிறோம். மாறாத பகுதி, மாறும் பகுதி என்னும் இப்பாகுபாட்டைத் தமிழ் மாணவர்க்குச் சொன்னால் ‘ஹி ஹேஸ் வென்ட்’ என்று எழுதும் பிழை விரைவில் மறையும். ‘வந்தான் இருக்கிறான்’ என்று எவரும் சொல்லார் அல்லவா? அதே குற்றந்தான் ‘ஹேஸ் வென்ட்’ என்பதிலும் இருப்பது.

சொற்பிறப்பிலும் ஓர் உறவு உண்டு. ‘ஹேவ்’ என்றால் உடைமை. ‘ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்’ என்பது பழைய ஆங்கிலத்தில், எழுதப்பட்ட நிலையில் கடிதம் ஒன்றை உடையேன் என்ற பொருளில் தொடங்கிய வழக்கு. தமிழில் ‘கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்’ என்பது ஏறக்குறைய அதே சித்திரம். இயக்க வினைகளுக்கோ ஆங்கிலம் முற்காலத்தில் ‘ஹேவ்’ சேர்க்கவில்லை. ‘ஹி ஈஸ் கம்’ என்றே சொன்னது. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பில் இவ்வழக்கு நிரம்ப உண்டு. ‘ஹி ஈஸ் கான்’ என்பது இன்றும் வழக்கில் எஞ்சியுள்ளது. வந்து இருக்கிறான் என்னும் தமிழமைப்புக்கு அதைவிட அண்மையான உறவினன் வேறில்லை.

வடிவம் பற்றியது இவ்வளவே. இடர்ப்பாடு பொருளில்தான்.

ஹான்ஸ் ரைஹன்பாக் என்னும் மெய்யியலறிஞர் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவையியல் நூலில், காலத்தை அறிய மூன்று புள்ளிகள் வேண்டும் என்றார். ஒன்று பேசும் நேரம். மற்றொன்று நிகழ்ச்சி நடந்த நேரம். மூன்றாவது, எங்கே நின்று அந்நிகழ்ச்சியைப் பார்க்கிறோம் என்னும் நோக்கு நேரம். ‘ஹி வென்ட்’ என்பதில் நிகழ்ச்சியும் நோக்கும் இறந்த காலத்தில் ஒன்றாகக் கிடக்கின்றன. ‘ஹி ஹேஸ் கான்’ என்பதில் போனது முன்னே, பார்ப்பது இப்பொழுது. ‘ஹேட் கான்’ என்பதில் பார்க்கும் இடமே இறந்த காலத்தில் ஒரு புள்ளி. போனது அதற்கும் முன்னே. ‘வில் ஹேவ் கான்’ என்பதில் எதிர்காலத்தில் நின்று திரும்பிப் பார்க்கின்றோம். ஆசிரியர்கள் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து மூன்று புள்ளி வைத்துக் காட்டினால், பத்துப் பக்க விதிகளைவிட அது பயன் தரும்.

இப்பொழுது நின்று பார்ப்பதாலேயே ‘ஹேஸ் கம்’ என்பதோடு ‘எஸ்டர்டே’ சேராது. இவ்விதியை ஏதோ அறிவின் கட்டளைபோல் சிலர் கற்பிக்கின்றனர். அஃது அவ்வாறன்று. பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் ‘ஹேவ்’ என்பதற்கு நிகரான துணைவினை உண்டு. அவற்றோடு ‘நேற்று’ என்னும் சொல் தடையின்றி வரும். தடை ஆங்கிலத்தின் தனிப் பழக்கம். தமிழுக்கும் அத்தடை இல்லை. ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்பது வழுவற்ற தமிழ். இதை அப்படியே ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு கிடைக்கும், காரணம் கிடைப்பதில்லை.

காரணம் ‘இரு’ என்னும் துணைவினையின் உள்ளத்தில் இருக்கின்றது. விடியற்காலையில் சிராங்கூன் சாலையில் கடை திறக்க வருபவர் நடைபாதை நனைந்திருப்பதைக் காண்கிறார். மழையை அவர் காணவில்லை. அதன் அடையாளத்தைக் காண்கிறார். ஆகவே ‘பெய்திருக்கிறது’ என்கிறார். விழித்திருந்து மழையைக் கண்டவரோ ‘பெய்தது’ என்பார். ‘பையை யாரோ எடுத்திருக்கிறார்கள்’ என்பதும் அவ்வகையே. எடுத்ததைக் கண்ணாற் கண்டவர் அப்படிச் சொல்லார். தமிழ் ‘இரு’ பலவிடங்களில் காலத்தைவிடச் சான்றையே பேசுகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு வேறு கருவி வேண்டும்: ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்றோ, ‘இட் சீம்ஸ்’ சேர்த்தோ சொல்ல வேண்டும். ‘இந்நேரம் வந்திருப்பார்’ என்பதில் மட்டும் இரு மொழியும் தற்செயலாய்க் கைகோத்துக்கொள்கின்றன. ‘ஹி வில் ஹேவ் அரைவ்ட் பை நௌ’ என்பதும் எதிர்காலமன்று; ஊகமே.

அட்டவணையின் இரண்டாம் வரி இன்னும் மோசமானது. ‘பொங்கலுக்குக் கேம்பல் லேன் போயிருந்தோம்’ என்று ஒருவர் சொன்னால் அதில் குறையொன்றும் இல்லை. போனோம், சிறிது நேரம் இருந்தோம், திரும்பினோம் என்பது பொருள். பேச்சைத் தொடங்குவதற்கே இவ்வடிவம் பயன்படும். ‘வீ ஹேட் கான் டு கேம்பல் லேன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னாலோ கேட்பவர் காத்திருப்பார். போயிருந்தீர்கள், அதன்பின் என்ன நடந்தது? ‘ஹேட்’ என்பதற்கு இன்னோர் இறந்தகால நிகழ்ச்சி துணை வேண்டும். நோக்கும் புள்ளி அங்கேதான் நடப்படுகின்றது. தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் படித்தவர் எழுத்தில்கூடக் காரணமின்றி ‘ஹேட்’ மலிந்து கிடப்பதற்கு ‘வந்திருந்தேன், போயிருந்தேன்’ என்பனவே ஊற்று. இதனை இலக்கணம் அறியாப் பிழை என்று ஒதுக்குவது பொருந்தாது. தாய்மொழியின் இலக்கணத்தை நன்கறிந்ததால் வந்த பிழை அது.

இனி, இரு திசையிலும் வழுக்குகின்ற இடம். தேக்காவில் ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு முன் கடை தொடங்கினார், இன்றும் நடத்துகிறார். தமிழ் இதனை ‘பத்து ஆண்டுகளாகக் கடை நடத்துகிறார்’ என்றோ ‘நடத்தி வருகிறார்’ என்றோ சொல்லும். நிகழ்காலமே போதும். ஆங்கிலமோ நிறைவுகாலத்தைக் கேட்கும்: ‘ஹி ஹேஸ் ரன் த ஷாப் ஃபார் டென் இயர்ஸ்’ அல்லது ‘ஹேஸ் பீன் ரன்னிங்’. தமிழில் எண்ணும் பிள்ளை ‘ஹி ஈஸ் ரன்னிங் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதும். ஒரே வாக்கியத்தில் இரு பிழை. இரண்டாவதைத் தீர்க்கத் தமிழே உதவும். ‘பத்து ஆண்டுகளாக’ என அளவைக் கூறினால் ‘ஃபார்’. ‘2015ஆம் ஆண்டிலிருந்து’ எனத் தொடக்கத்தைக் கூறினால் ‘சின்ஸ்’. ‘ஆக’ என்பதும் ‘இருந்து’ என்பதும் தமிழில் என்றும் மயங்குவதில்லை.

ஆங்கிலத்தில் எண்ணும் பிள்ளை எழுதுவதோ வேறு: ‘அவர் பத்து ஆண்டுகளாகக் கடை நடத்தியிருக்கிறார்.’ எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. திருத்துபவரும் கோடு போடாமல் போய்விடலாம். ஆனால் இதைக் கேட்கும் தமிழர், இப்பொழுது கடையை யார் நடத்துகிறார் என்று வினவுவார். ஒரு காலத்தில் நடத்திய பட்டறிவு உடையவர் என்பதே அவ்வாக்கியம் தரும் பொருள். ‘நான் பிறந்ததிலிருந்து சிங்கப்பூரில் வாழ்ந்திருக்கிறேன்’ என்று எழுதும் மாணவி தன் வாழ்வை முடித்துவைத்தாற்போல் பேசுகிறாள். ‘வருதல்’ என்னும் அருமையான துணைவினை, வாழ்ந்து வருகிறேன், நடத்தி வருகிறார் என்று தொடர்ச்சியைக் காட்டும் கருவி, ஆங்கிலத்தில் நேரிணை இல்லாமையால் அவர்கள் எழுத்திலிருந்து தேய்ந்து போகின்றது. மொழியின் இழப்பைச் சொற்களின் எண்ணிக்கை கொண்டே அளப்பவர்க்கு இத்தகைய இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பட்டறிவைச் சொல்லும் இடத்தில் இரு மொழியும் ஒன்றுபடும் என்பது உண்மை. ‘டுரியான் சாப்பிட்டிருக்கிறாயா?’ என்பதும் ‘ஹேவ் யூ எவர் ஈட்டன் டுரியான்?’ என்பதும் ஒன்றே. ஆனால் உணவு வேளையில் வந்த விருந்தினரை ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்று ஆங்கிலத்தில் கேட்பதை அட்டவணைப்படி ‘சாப்பிட்டிருக்கிறீர்களா?’ என்று மாற்றினால், அவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் சோறு கண்டதுண்டா என்று வினவியதாக முடியும்! அங்கே வேண்டுவது ‘சாப்பிட்டுவிட்டீர்களா?’ அல்லது ‘சாப்பிட்டாயிற்றா?’ ஆங்கிலம் ஒரே ‘ஹேவ்’ கொண்டு செய்வதைத் தமிழ் இரு, விடு, ஆயிற்று, வருகிறது என நான்காகப் பகுத்துச் செய்கின்றது. மறுபக்கம், ‘மதுரைக்குப் போயிருக்கிறார்’ என்னும் ஒரே தமிழ்த்தொடரை ஆங்கிலம் இரண்டாக்குகின்றது. இப்பொழுது அங்கே இருக்கிறார் எனின் ‘ஹேஸ் கான்’. முன்னொருகால் போய்வந்தவர் எனின் ‘ஹேஸ் பீன்’. ஊரில் இல்லாத முதலாளியைத் தேடி வந்தவரிடம் ‘ஹி ஹேஸ் பீன் டு மதுரை’ என்று கணக்கர் சொன்னால், வந்தவர் உள்ளே அமர்ந்து காத்திருப்பார்.

‘ஆயிற்று’ என்பது சிங்கப்பூருக்கே உரிய ஒரு வழக்கோடும் தொடர்புடையது. உணவங்காடிகளில் காதில் விழும் ‘யூ ஈட் ஆல்ரெடி?’ என்பதனைக் கேட்டு முகஞ்சுளிப்பவர் உண்டு. நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியதும் இத்தகைய வழக்குகளைக் கருதியே. ஆயினும் அதில் இலக்கணம் இல்லை என்பது தவறு. சிங்கப்பூர் ஆங்கிலத்தின் வினைநிலைகள் சீனமொழி அமைப்பை ஏற்றவை என்று தேசியப் பல்கலைக்கழக மொழியறிஞர் பாவ் சிமிங் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளக்கியுள்ளார். மலாய் மொழியின் ‘சூடா மாக்கான்’ என்பதும் அதே வார்ப்பு. ஆனால் ‘சாப்பிட்டாச்சு’ என்பதனை இவ்விடத்தில் நினைப்பவர் அரியர். ‘ஆல்ரெடி’ தமிழிலிருந்து வந்தது என்று பெருமை பேச இடமில்லை. சீனமொழி பேசுவோர் தொகையே அதனை மறுக்கும். எனினும் மற்றவர்க்கு நிகராகத் தமிழர் நாவிலும் அவ்வழக்கு எளிதில் ஒட்டிக்கொண்டதற்கு அவர்கள் வீட்டுப் பேச்சே இடங்கொடுத்தது எனலாம். ‘ரெயின் ஆல்ரெடி’ என்றால் மழை தொடங்கிவிட்டது என்பது பொருள்; ‘மழை வந்துவிட்டது’ என்று தமிழர் கூறுவதும் மழை நின்றபின் அன்று, முதல் துளி விழும்போதே.

நடவாததை நடந்ததாகக் கூறும் இந்த இயல்பைத் தமிழ் இலக்கணிகள் முன்னரே கண்டனர். விரைவு பற்றி எதிர்கால நிகழ்ச்சியை இறந்த காலத்தால் கூறுவது வழுவமைதி என்று தொல்காப்பியம் இசைவளிக்கின்றது. நன்னூலும் அதனை வழிமொழிகின்றது. இன்னும் உண்ணாதிருப்பவன், புறப்பட விரும்பும் நண்பன் அழைக்க, ‘உண்டேன், வந்தேன்’ என விடையளிப்பதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். கைப்பேசியில் ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே வீட்டில் செருப்பைத் தேடுபவர் அவ்வுரையாசிரியரின் மாணவரே. ஆங்கிலத்தில் இவ்விடத்தில் ‘ஐ ஹேவ் கம்’ என்றால் பொய்யாகிவிடும். ‘ஐ ஆம் கமிங்’ என்றே சொல்ல வேண்டும்.

துணைவினை காலங்காட்டியாக மாறுவதும் தமிழுக்குப் புதிதன்று. நன்னூல் கூறும் நிகழ்கால இடைநிலைகளுள் ஒன்று ‘ஆநின்று’. நிற்றல் என்னும் வினை அதில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றது. ஆகவே ‘இரு’ என்பது காலங்காட்டியா, துணைவினையா என்னும் வழக்கு உள்நாட்டு வழக்குத்தான். பாதிரிமாரை மட்டும் குற்றஞ்சாட்டி முடிப்பது நேர்மையன்று. அவர்கள் பிழை, அறையைத் தேடியதன்று. ஓர் அறைக்கு ஒரே பொருளென்று கொண்டது.

எதிர்மறையில் அட்டவணை முற்றும் சிதறிப்போகின்றது. ‘வரவில்லை’ என்பது காலங்காட்டாத சொல். ‘நேற்று வரவில்லை’ என்றால் ஆங்கிலத்தில் ‘டிட் நாட் கம்’; ‘இன்னும் வரவில்லை’ என்றால் ‘ஹேஸ் நாட் கம்’. நேற்று, இன்னும் என்னும் சொற்களே வேறுபாட்டைத் தாங்குகின்றன. ‘அப்பொழுது அவர் வந்திருக்கவில்லை’ என்பதற்கு இடமுண்டு. ஆனால் ‘இன்னும் வந்திருக்கவில்லை’ என்பது மொழிபெயர்ப்பு நாற்றம் வீசும் தமிழ். தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டின் மறுஆய்வுக்குப் பின் சிங்கப்பூர் வகுப்பறைகளில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் கிடைத்துள்ளது. இவ்வகையில் அது நல்ல வாய்ப்பு. ‘வந்தாச்சு, வந்துட்டாரு, வந்திருக்காரு, இன்னும் வரல’ என்னும் நான்கும் பேச்சில் தெளிவாக வேறுபட்டு வாழ்கின்றன. இவற்றை ஒருநாள் வாயால் பழகிய பிள்ளைக்கு அட்டவணை தேவைப்படாது.

செய்தித்தாள் தமிழும் இக்குற்றத்தில் பங்குடையது. ‘தெரிவித்துள்ளார்’, ‘அறிவித்துள்ளார்’ என்னும் முடிபுகள் பத்திதோறும் வருகின்றன. ஆங்கிலச் செய்தியில் ‘ஹேஸ் அனௌன்ஸ்ட்’ என்பது நாள் குறியாத முதல் வாக்கியத்தில் வரும். நாள் குறித்த உடனே ‘அனௌன்ஸ்ட்’ என்று இறந்த காலத்துக்கு இறங்கிவிடும். தமிழ்ச் செய்தியோ ‘அமைச்சர் நேற்று அறிவித்துள்ளார்’ என்று முதல் வரியிலும் ‘கூறியுள்ளார்’ என்று கடைசி வரியிலும் ஒரே தாளத்தில் ஓடுகின்றது. தமிழில் ‘நேற்று’ தடையில்லை ஆதலின் இது வழுவன்று, தேவையுமன்று. ‘நேற்று அறிவித்தார்’ என்பதில் குறைந்தது ஒன்றுமில்லை. அன்றியும் இந்த ‘உள்’ எதிர்காலத்துக்கும் வந்து நிற்பது இளையோரைத் தடுமாறச் செய்கின்றது. ‘புதிய நிலையம் திறக்கப்பட்டுள்ளது’ என்றால் கதவு திறந்தாயிற்று. ‘திறக்கப்படவுள்ளது’ என்றால் இன்னும் பூட்டியிருக்கின்றது. ஆங்கிலவழி வளர்ந்த பிள்ளை இவ்விரண்டையும் ஒன்றாகவே படித்துச் செல்கின்றது. ‘திறந்தார்கள்’, ‘திறப்பார்கள்’ என்று எழுதியிருந்தால் அதற்கு எவரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.